பேஸ் வாசிக்க வந்தவனுக்கு எதற்கு ஐந்து பெடல்?

கல்லூரியில் ஒரு ராக் பேண்ட் ஆரம்பிக்கிறார்கள் என்று வையுங்கள். கிடாருக்கு மூன்று பேர் கை தூக்குவார்கள். டிரம்ஸுக்கு ஒருத்தன் ஏற்கெனவே பெஞ்சைத் தட்டிக்கொண்டிருப்பான். பாடுவதற்கு நாலு பேர். மிச்சம் இருக்கிற அப்பாவி ஒருத்தன் தலையில் பேஸ் கிடார் கட்டப்படும். உலகத்தில் பாதிப் பேர் பேஸ் வாசிக்க வந்த கதை இதுதான்.

அப்படி வந்தவன் முதல் மாதம் நாலு தடித்த தந்திகளோடு மல்லுக்கட்டுவான். இரண்டாம் மாதம் கிடார்காரன் வந்து, "டேய், நீ வாசிக்கிறது ஒண்ணுமே கேக்கலடா" என்று ஒரு குண்டைப் போடுவான். மூன்றாம் மாதம் இவன் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்திருந்து பெடல் விலை பார்த்துக்கொண்டிருப்பான். "ஒவ்வொரு பேஸ் கலைஞரிடமும் இருக்க வேண்டிய ஐந்து பெடல்கள்" என்று ஒரு பட்டியல் கண்ணில் படும். அவ்வளவுதான், ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு காலி.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாம் மாதத்தைப் பற்றியது. பெடல் கெட்ட வஸ்து என்று சொல்ல வரவில்லை. புதிதாக பேஸ் பழகுபவன் தன் நோய் என்னவென்று தெரியாமல், தப்பான காதை வைத்துக்கொண்டு, அடுத்தவன் அலமாரியிலிருந்து மருந்து வாங்குகிறான். குற்றச்சாட்டு அவ்வளவுதான். இனி ஒவ்வொன்றாக.

முதலில் ஒரு சின்ன அறிமுகம்

பேஸ் என்றால் என்ன என்று கேட்கும் அக்கவுன்டன்சி வகுப்புப் புண்ணியவான்களுக்கு: எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டுகளில், பாடகர் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு நடந்து போகுமே, அதுதான் பேஸ் கிடார். ராக் இசையில் டிரம்ஸுக்கும் கிடாருக்கும் நடுவே பாலம் போடுவது அதன் வேலை. பாலம் இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இடிந்தால்தான் தெரியும்.

பெடல் என்பது கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் வைக்கும் சின்ன உலோகப் பெட்டி. காலால் மிதித்தால் சத்தத்தின் குணம் மாறும். ஃபஸ், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் மூன்றும் சத்தத்தைக் கரகரப்பாக்குபவை. கோரஸ் ஒரே சத்தத்தைப் பல பேர் வாசிப்பது போல அலையடிக்க வைக்கும். ஆக்டேவ் பெடல் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரத்தைச் சேர்க்கும். கம்ப்ரஸர் சத்தமாக விழும் ஸ்வரத்தையும் மெல்ல விழும் ஸ்வரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

நோய்: "ஒண்ணுமே கேக்கல"

நாலு தந்தி பேஸில் தடித்த தந்தியை அப்படியே மீட்டினால் வரும் சத்தம் சுமார் 41 ஹெர்ட்ஸ். கிடாரின் தடித்த தந்தி அதற்கு இரண்டு மடங்கு, சுமார் 82 ஹெர்ட்ஸ். மனிதக் காது கீழ் ஸ்தாயியில் மந்தம். அதே அளவு கேட்க வேண்டுமென்றால் கீழே போகப் போக அதிக சக்தி கொடுக்க வேண்டும். படுக்கையறையில் பழக வாங்கிய குட்டி ஆம்ப்பால் அதைக் கொடுக்க முடியாது.

இது போதாதென்று கிடார்காரன் வீட்டில் தனியாக வாசிக்கும்போது குண்டாகக் கேட்கட்டும் என்று தன் ஆம்ப்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகி வைத்திருப்பான். அதே அமைப்போடு ப்ராக்டிஸுக்கும் வருவான். பேஸ் நிற்க வேண்டிய இடத்தில் அவனுடைய கிடார் கால் நீட்டிப் படுத்திருக்கும். மிச்ச இடத்தை டிரம்ஸின் கிக் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எங்கிருந்து கேட்கும்?

இந்த நோய்க்கு பைசா செலவில்லாத மருந்துகள் நாலு இருக்கின்றன. ஒன்று, கிடார்காரனை அவன் ஆம்ப்பில் பேஸைக் குறைக்கச் சொல்வது (சண்டை வரும், பரவாயில்லை). இரண்டு, பேஸ் ஆம்ப்பில் மிட் குமிழை ஏற்றுவது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும், பேண்டோடு சேர்ந்தால் அதுதான் கேட்கும். மூன்று, வலது கையை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி மீட்டுவது. நாலு, வேறு ஸ்தாயியில் வாசித்துப் பார்ப்பது.

நாலாவது மருந்துக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் பேண்டில் பீட்டர் ஹூக் பேஸ் வாசித்தார். அவருடைய ஆரம்ப கால ஆம்ப் சுமார். பக்கத்தில் கிடார் சத்தமோ காது கிழியும். தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்பதால் பேஸின் மேல் ஃப்ரெட்டுகளுக்கு ஏறி மெட்டு வாசிக்க ஆரம்பித்தார். அதுவே அவருடைய அடையாளமாகி, பிறகு வந்த எத்தனையோ பேண்டுகளின் சத்தத்தை மாற்றியது. கோரஸ் மாதிரியான பெடல்களை அவரும் உபயோகித்தார்தான். ஆனால் அந்த பாணி பிறந்தது கேட்கவில்லை என்ற பிரச்சினைக்குக் கையால் கண்டுபிடித்த தீர்விலிருந்து.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மோட்டர்ஹெட்டின் லெம்மி. ராக் உலகத்திலேயே மிகக் கரகரப்பான பேஸ் சத்தங்களில் அவருடையதும் ஒன்று. அந்தச் சத்தம் பெடல் வரிசையிலிருந்து வரவில்லை. ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்பில் சொருகி, பேஸ் குமிழைக் குறைத்து, மிட் குமிழை ஏற்றி, கிடார்காரன் மாதிரி அடித்து வாசித்ததில் வந்தது. அவருடைய பேஸ் கேட்கவில்லை என்று யாரும் புகார் சொன்னதாகத் தகவல் இல்லை!

தப்பான காது: செல்போன் ஸ்பீக்கர்

பெடல் வாங்குகிறவன் என்ன செய்கிறான்? படுத்துக்கொண்டு போனில் டெமோ வீடியோ பார்க்கிறான். இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, இயற்பியல் ஏமாற்றுகிறது.

போனின் ஸ்பீக்கர் சுண்டு விரல் நகத்தளவு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கையை விரித்துவிடும். 41 ஹெர்ட்ஸ் சத்தம் அதிலிருந்து வருவது நடக்காத காரியம். பிறகு எப்படி பேஸ் கேட்கிறது? எந்தத் தந்தியை மீட்டினாலும் அடிப்படைச் சத்தத்தோடு அதன் இரட்டிப்பு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேல் ஒலிகளும் சேர்ந்து வரும். போன் அந்த மேல் ஒலிகளை மட்டும் கொடுக்கிறது. மூளை அவற்றை வைத்துக் கீழே இருக்கிற ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது.

இப்போது வீடியோக்காரர் டிஸ்டார்ஷனை மிதிக்கிறார். டிஸ்டார்ஷனின் வேலையே மேல் ஒலிகளை அள்ளிக் கொட்டுவதுதான். அதாவது போனால் கொடுக்கக்கூடிய சமாச்சாரம் திடீரென்று பல மடங்காகிறது. பெடல் இல்லாதபோது ஈனஸ்வரத்தில் முனகிய பேஸ், பெடல் போட்டதும் சிங்கமாக கர்ஜிக்கிறது. பார்க்கிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். "இதுதான்டா என்னோட சத்தம்!"

ஆனால் அந்தப் போட்டியில் சுத்தமான பேஸ் ஓடவே இல்லை. அதன் காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஓட்டப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். அரங்கத்தில் வயிற்றில் வந்து மோத வேண்டிய கீழ்ப்பகுதி அந்தப் பெடலில் இருக்கிறதா, தொலைந்ததா என்பதை போன் சொல்லாது. பேஸ் பெடல் வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் அதுதான், போனில் அறவே தெரியாத விஷயமும் அதுதான்.

ஹெட்போன் போட்டுக் கேட்டால் கொஞ்சம் தேவலை. அப்போதும் இன்னொரு ஓட்டை பாக்கி. பெரும்பாலான டெமோவில் பேஸ் தனியாக வாசிக்கப்படும். கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் சத்தம்தான் பேண்டுக்குள் முதலில் காணாமல் போகும்.

அடுத்தவன் அலமாரி

கடையில் இருக்கும் பெடல்களில் பெரும்பகுதி கிடாருக்காக வடிவமைக்கப்பட்டவை. பேஸுக்கு அவை உதவவே உதவாது என்றில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாங்கினால்தான் கதை கந்தல்.

ஐபனீஸ் ட்யூப் ஸ்க்ரீமரை எடுத்துக்கொள்ளலாம். எழுபதுகளின் கடைசியில் வந்த, உலகப் புகழ் பெற்ற ஓவர்டிரைவ். அதன் சர்க்யூட் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத்தான் நன்றாகத் தூக்கிக் கரகரப்பாக்கும். கீழே போகப் போகத் தூக்குவது குறைந்துகொண்டே வரும். கிடாருக்கு இது வரப்பிரசாதம், சத்தம் சேறாகாமல் இருக்கும். பேஸுக்கு? இருபது ஃப்ரெட் கொண்ட நாலு தந்தி பேஸில் மெல்லிய தந்தியின் கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது சுமார் 311 ஹெர்ட்ஸ். அதாவது அந்த பேஸில் வாசிக்கக்கூடிய ஒவ்வொரு ஸ்வரத்தின் அடிப்படையும் 720-க்குக் கீழேதான்! மிதித்ததும் ஆள் மெலிந்து போனது மாதிரி இருப்பதன் ரகசியம் இது.

பிக் மஃப் ஃபஸ்ஸில் பிரச்சினை வேறு. அதன் குணமே நடுப்பகுதியைக் குழியாக்குவது. தனியாக வாசித்தால் பிரம்மாண்டம். பேண்டில் கிடார் அந்த நடுப்பகுதியில்தான் குடியிருக்கிறது, பேஸ் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான். அங்கே குழி தோண்டிக்கொண்டு கேட்கவில்லை என்றால் யார் என்ன செய்வது?

ஆக்டேவ் பெடல் இன்னும் வேடிக்கை. தடித்த தந்தியின் 41 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் சுமார் 20.6. மனிதக் காதின் எல்லைக்கோடு 20. குட்டி ஆம்ப்புக்கு அது என்னவென்றே தெரியாது. ஆரம்பத்தில் கை புழங்குவது முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில். ஆக்டேவ் பெடலுக்கு அங்கே வேலை இல்லை. அது உருப்படியாக வேலை செய்வது மேல் ஃப்ரெட்டுகளில், அங்கே இவன் கை இன்னும் போகவே ஆரம்பிக்கவில்லை.

கோரஸ் சுருதியை லேசாக ஏற்றி இறக்கி அலையடிக்க வைக்கிறது. கீழ் ஸ்தாயியில் அப்படிச் செய்தால் பாட்டின் அஸ்திவாரமே ஆடும். அதனால்தான் பாஸ் கம்பெனியின் சிஇபி-3 மாதிரி பேஸுக்கென்றே செய்த கோரஸில், கீழ்ப்பகுதியை அலையடிக்காமல் அப்படியே விட ஒரு தனிக் குமிழ் வைத்தார்கள். தங்கள் விளைவு எங்கே கெடுதல் செய்யும் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. வாங்குகிறவனும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கம்ப்ரஸரை மட்டும் எல்லாப் பட்டியலிலும் "கட்டாயம்" என்று போட்டிருப்பார்கள். தேர்ந்த கைக்கு அது நல்ல கருவி. பழகும் கைக்கு அது போர்வை. ஆள்காட்டி விரல் பலமாகவும் நடுவிரல் பலவீனமாகவும் அடிப்பதை அது மூடி மறைக்கும். தப்பு மறைகிறது, திருந்தவில்லை. ஒரு வருடம் கழித்து வேறொருவர் ஆம்ப்பில், பெடல் இல்லாமல், மேடையில் அந்தத் தப்பு மொத்தமாக வெளியே வரும்.

வரலாறு என்ன சொல்கிறது?

1961இல் அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய "டோன்ட் வொர்ரி" என்ற பாட்டு வெளிவந்தது. நாஷ்வில் ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்யும்போது கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ மிக்ஸரில் ஒரு சானல் பழுதாகி அந்த பேஸ் தேனீ மாதிரி ரீங்கரித்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள், பாட்டு ஹிட். அந்தப் பழுதைப் பெட்டிக்குள் கொண்டுவர முடியுமா என்று ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி முயன்றதன் விளைவாக, 1962இல் கிப்சன் கம்பெனி மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலைக் கொண்டுவந்தது. ஆக, ஃபஸ் பிறந்ததே ஒரு பேஸ் வகைக் கருவியில்தான். பேஸுக்கும் ஃபஸ்ஸுக்கும் ஜென்மப் பகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். அந்தப் பெடல் ஆயிரக்கணக்கில் கடைகளுக்குப் போனது. போய் அலமாரியில் தூங்கியது. புதுச் சத்தம், பெரிய கம்பெனி, எல்லாம் இருந்தும் வாங்க ஆளில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் "சாட்டிஸ்ஃபேக்ஷன்" வந்தது, கீத் ரிச்சர்ட்ஸ் அதே பெடலில் வாசித்த மெட்டோடு. சரக்கு பறந்தது. பெட்டி அதே பெட்டிதான். அதற்கு ஒரு பாட்டு கிடைத்தது, அவ்வளவே. பாட்டுக்காக வாங்கிய பெடல் வேலை செய்யும். பெடலுக்காகப் பாட்டைத் தேடுபவன் கிடங்கில் தூங்கும் சரக்கை வீட்டுக்குக் கொண்டுவருகிறான்.

அதே 1965இல் பீட்டில்ஸின் "திங்க் ஃபார் யுவர்செல்ஃப்" பாட்டில் பால் மெக்கார்ட்னி ஃபஸ் பேஸ் வாசித்தார். அந்தப் பாட்டில் இரண்டு பேஸ்கள் உண்டு. ஒன்று சாதாரண பேஸ், இன்னொன்று ஃபஸ் பேஸ். கரகரப்பு மேலே கத்தட்டும், அடித்தளம் கீழே சுத்தமாக இருக்கட்டும் என்ற ஏற்பாடு. யெஸ் பேண்டின் கிறிஸ் ஸ்குவையர் தன் ரிக்கன்பேக்கரின் இரண்டு பிக்கப்பையும் தனித்தனி வழியாகப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாகவும் மற்றொன்றைக் கரகரப்பாகவும் அனுப்பினார். யோசனை ஒன்றுதான்.

இன்று அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பேஸும் வேண்டாம், இரண்டு ஆம்ப்பும் வேண்டாம். பிளெண்ட் என்று ஒரு குமிழ் போதும். சுத்தமான சத்தம் எவ்வளவு, கரகரப்பு எவ்வளவு என்று அதில் கலந்துகொள்ளலாம். டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர், டார்க்கிளாஸின் பி3கே, பாஸ் ஓடிபி-3, மலிவு விலையில் பெஹ்ரிங்கர் பிடிஐ21 என எல்லாவற்றிலும் அது ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. அறுபது வருட அனுபவம் ஒரு குமிழில் அடங்கியிருக்கிறது. ஆனால் பெடல் வாங்கப் போகிறவன் நிறம் பார்க்கிறான், எல்இடி பார்க்கிறான், எந்த ஸ்டார் வைத்திருக்கிறார் என்று பார்க்கிறான். பிளெண்ட் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை!

கணக்கு வழக்கு

ஒரு பையன் கையில் 15,000 ரூபாய் இருக்கிறது என்று வைக்கலாம். அதைப் பெடல்களில் போடுகிறான். பெட்டியின் விலை மட்டும்தான் அவன் கணக்கில் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவே பேட்ச் கேபிள் வேண்டும். 9 வோல்ட் அடாப்டர் வேண்டும், அதிலும் பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும், மாற்றிச் சொருகினால் பெடல் போயே போச்சு. டிஜிட்டல் பெடல்கள் மின்சாரத்தை அனலாக் பெடலைவிட எத்தனையோ மடங்கு குடிக்கும். ஒரே மலிவு அடாப்டரில் ஐந்தையும் மாலையாகக் கோர்த்தால் "ஙொய்ய்ய்" என்று ஓர் இரைச்சல் இலவச இணைப்பு. அதை ஒழிக்க தனித்தனி இணைப்பு கொண்ட பவர் சப்ளை. அதை வைக்க ஒரு பலகை. பலகைக்கு ஒரு பை. மறைமுகச் செலவு என்று காஸ்ட் அக்கவுன்டிங்கில் படிப்பது சொந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் பொருந்தாதா?

அடுத்து வாய்ப்புச் செலவு. அதே பணத்தில் புதுத் தந்தி மாற்றலாம். கிடார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து தந்தி உயரத்தையும் சுருதியையும் சரி செய்யலாம். குட்டி ஆம்ப்பைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிய ஆம்ப் வாங்கலாம். ஆசிரியரிடம் சில மாதம் பாடம் கற்கலாம். இவற்றில் ஒவ்வொன்றும், அடுத்து வாசிக்கப் போகும் அத்தனை பாட்டிலும் கேட்கும். கோரஸ் பெடல் எத்தனை பாட்டில் கேட்கும்?

பிறகு வருவது அமிழ்ந்த செலவு. காசு போட்டாயிற்றே என்று எல்லாப் பாட்டிலும் எல்லாவற்றையும் மிதிப்பான். மெலடி பாட்டில் ஃபஸ் வரும். டிரம்ஸ்காரன் முறைப்பான். கடைசியில் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுப்பார்கள்: பேஸை வேறு யாராவது வாசிக்கட்டும். அந்தப் பையன் அன்றைக்கு என்ன முடிவுக்கு வருவான்? "ஆம்ப் சின்னது, மிட் குறைச்சல், பெடல் தப்பு" என்று நினைக்க மாட்டான். "எனக்கு மியூசிக் வராது" என்று நினைப்பான். பேஸ் கட்டிலுக்குக் கீழே போகும். வீணான பணம் எப்படியும் திரும்பி வரும். ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட ஆசை அப்படித் திரும்பி வருவதில்லை. இந்தக் கோபமெல்லாம் அந்த ஆசைக்காகத்தான்.

எதிர்க்கட்சி வாதம்

"மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் வாவும் டிஸ்டார்ஷனும் போட்டு வாசிக்கவில்லையா? பிளாக் சப்பாத்தின் கீஸர் பட்லர் 1970லேயே பேஸில் வா பெடல் மிதிக்கவில்லையா?" மிதித்தார்கள். பர்ட்டன் 1983இல் முதல் ஆல்பத்தில் வாசித்த தனி பேஸ் துண்டைக் கேட்டு கிடார் என்று ஏமாறுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர் பெடலோடு பிறக்கவில்லை. பாடம் கற்று, வருடக்கணக்கில் மணிக்கணக்காகச் சாதகம் செய்த கை அது. எதிர்ப்பக்கம் மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார். ஒரு ஃபெண்டர் பிரசிஷன் பேஸ், வலது கையில் ஒரே ஒரு விரல், பெடல் எதுவும் கிடையாது. அறுபதுகளின் ஹிட் பாட்டுகளில் எத்தனையோ அந்த ஒற்றை விரலில் நடந்தவை.

"மியூஸின் ஹிஸ்டீரியா வாசிக்கணும், அதுக்கு ஃபஸ் இல்லாம முடியுமா?" நல்ல கேள்வி. 2003இல் வந்த அந்தப் பாட்டின் பேஸ் சத்தம் மயக்கும் சத்தம்தான். ஆனால் அந்த மெட்டு நொடிக்கு ஏறக்குறைய ஆறு ஸ்வரம் என்று மூச்சு விடாமல் ஓடுகிறது. அந்த ஆறும் சமமாக விழ வேண்டும். விழாவிட்டால் ஃபஸ் அதைக் காப்பாற்றாது. சரியாக அழுத்தாத தந்தியின் கிறீச்சும், அணைக்காமல் விட்ட பக்கத்துத் தந்தியின் உறுமலும் ஃபஸ்ஸில் பல மடங்காகும். முதலில் பெடல் இல்லாமல் மெதுவாக வாசித்து வேகம் ஏற்றட்டும். வேகம் வந்த அன்றைக்கு ஃபஸ் வாங்கினால் அது பரிசு. இன்றைக்கே வாங்கினால் அது கடன்.

"பெடல் இருந்தா பிராக்டிஸ் பண்ண உற்சாகம் வருமே?" இது ஒன்றுதான் உண்மையில் கொஞ்சம் பலமான வாதம். பொம்மை இருந்தால் விளையாடத் தோன்றும், சரி. அப்படியானால் ஐந்து பெட்டி எதற்கு? ஸூம் பி1 ஃபோர் மாதிரி பேஸுக்கான மல்டி-எஃபெக்ட் ஒன்று போதும். ட்யூனர், தாள இயந்திரம், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர், அத்தனை வகை விளைவுகளும் அந்த ஒரே பெட்டிக்குள். முதல் ஆறு மாதம் தாள இயந்திரத்தை மட்டும் உபயோகித்தாலே கொடுத்த காசு செரித்துவிடும். கூடவே கோரஸ் பிடிக்குமா, ஃபஸ் பிடிக்குமா என்பதும் தனியாகச் செலவு வைக்காமல் தெரிந்துவிடும்.

சரி, என்னதான் வாங்குவது?

வரிசை இது.

முதல் பெடல் ட்யூனர். சிரிக்க வேண்டாம். பேண்டில் பேஸ் சுருதி விலகினால் எல்லோருமே விலகியது போலக் கேட்கும். காலால் மிதித்தால் சத்தம் முழுக்க அடங்கி, அமைதியாகச் சுருதி சேர்க்க வசதியுள்ள பாஸ் டியூ-3 மாதிரி ஒன்று. இதை வாங்கி வருத்தப்பட்டவர் இல்லை. தலையில் கவ்வும் கிளிப் ட்யூனர் மலிவு, வீட்டுக்குப் போதும், ஆனால் சத்தமான அறையில் தடித்த தந்தியைப் பிடிக்கத் திணறும்.

இரண்டாவது, பேண்டோடு ஆறு மாதமாவது வாசித்த பிறகு, பிளெண்ட் குமிழ் உள்ள ஒரே ஒரு டிரைவ். கூடவே டிஐ அவுட்புட் இருந்தால் இன்னும் நல்லது. மேடையில் ஆம்ப் இல்லாவிட்டாலும், மோசமாக இருந்தாலும், நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். கல்ச்சுரல்ஸ் மேடையில் என்ன ஆம்ப் கிடைக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்பதால் இந்த ஒரு வசதி ஒரு ராத்திரியைக் காப்பாற்றும்.

மூன்றாவது, பேண்ட் உண்மையிலேயே வாசிக்கும் ஒரு பாட்டு கேட்டால் மட்டும். "எந்தப் பாட்டுக்கு?" என்ற கேள்விக்குப் பாட்டின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். சொந்த பேஸைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நண்பனிடம் இரவல் வாங்கி ப்ராக்டிஸ் அறையில், டிரம்ஸும் கிடாரும் ஓடும்போது கேட்க முடிந்தால் அதைவிட உத்தமம். பெடல் போட்டாலும் போடாவிட்டாலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும்படி லெவல் குமிழை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தமாக இருப்பதே "நல்ல சத்தம்" என்று காது நம்பிவிடும். வாசிப்பவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அறையின் மறு கோடியில் நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும். முடிந்தவரை பழைய பெடலாக வாங்கினால், பிடிக்காதபோது பெரிய நஷ்டமில்லாமல் கைமாற்றிவிடலாம். தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டிருப்பார்!

அடுத்த ப்ராக்டிஸில் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பேஸை நேராக ஆம்ப்பில் சொருகி, மிட்டை ஏற்றி, கிடார்காரனிடம் பேஸைக் குறைக்கச் சொல்லி, ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை டிரம்ஸ்காரனின் கிக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். டிரம்ஸ்காரன் தலையாட்டினால் நோய் குணம். தலையாட்டாவிட்டால் அடுத்த வாரமும் அதே பாட்டு.

அதுவரை பணம் பாங்கிலேயே கிடக்கட்டும். வட்டி கம்மிதான். ஆனால் இரைச்சல் வராது.